கயிறு உள்ள நாய், கயிறு இல்லாத நாய்: கிடங்கலில் தொடங்கும் ஒரு தெரு வரலாறு

இன்னிக்கு ஒரு எளிமையான கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். நீங்க உங்க நாயைக் கயிறு போட்டு காலையில நடக்கக் கூட்டிட்டுப் போறீங்க. தெரு முனையில படுத்திருந்த மூணு நாய் எழுந்து நிக்குது. ஒண்ணு வாலை விறைப்பா தூக்குது. இன்னொண்ணு குரைக்குது. மூணாவது சத்தமே போடாம பக்கவாட்டுல வருது. உங்க கையில இருக்கிற கயிறு இறுகுது. இந்த மூணு நாய்க்கும் யார் பொறுப்பு?

விழுப்புரத்துலயும் திண்டிவனத்துலயும் நாய் வளர்க்கிறவங்க கூடினா பேச்சு கடைசியா இந்த இடத்துக்குத்தான் வந்து நிக்கும். "எந்தப் பக்கம் போறதுன்னே தெரியல"ன்னு சொல்வாங்க. நானும் நாயோட நடக்கிறவன்தான், அதனால அந்தப் பயம் எனக்குப் புரியும். இதை நாம இன்றைய பிரச்சினையா மட்டும்தான் பேசுறோம். ஆனா பொறுப்பு யாருதுங்கிற கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கு. அதுல கொஞ்ச தூரம் போயிட்டு வந்தா, தெரு முனையில நிக்கும்போது என்ன செய்யணும்ங்கிறதும் கொஞ்சம் தெளிவாகும்.

கிடங்கலில் குரைத்த நாய்

திண்டிவனத்துல கிடங்கல்னு ஒரு பகுதி இருக்கு. இன்னிக்கு அது ஊருக்குள்ள ஒரு பகுதி. சங்க காலத்துல ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனுடைய ஊர்கள்ல ஒண்ணு கிடங்கில். அந்தக் கிடங்கில்தான் இந்தக் கிடங்கல்னு சொல்றாங்க. நல்லியக்கோடனைப் புகழ்ந்து நல்லூர் நத்தத்தனார் பாடினதுதான் பத்துப்பாட்டுல உள்ள சிறுபாணாற்றுப்படை.

அந்தப் பாட்டுல வறுமையைக் காட்ட ஒரு சமையலறை வருது. பாணர் வீட்டுல சமைக்க ஒண்ணும் இல்லை. குப்பையில முளைச்ச கீரையை உப்புகூட இல்லாம வேக வைக்கிறாங்க. அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்த்துடுவாங்களோன்னு வெட்கப்பட்டு வாசலைச் சாத்திக்கிறாங்க. அந்தச் சமையலறையில இப்பத்தான் குட்டி போட்ட ஒரு நாய் இருக்கு. கண் திறக்காத குட்டிகள் பால் இல்லாத மடியைப் பிடிச்சு இழுக்குது. வலி தாங்காம அந்தத் தாய் குரைக்குது.

நாய்க்குட்டிகள் கண் திறக்க ஏறக்குறைய 10 முதல் 14 நாள் ஆகும். அப்போ புலவர் காட்டுற தாய் குட்டி போட்டு ரெண்டு வாரம்கூட ஆகலை. பசியில இருக்கு, உடம்பு நோகுது, குட்டியை விட்டு நகரவும் முடியாது. இந்த நிலையில இருக்கிற நாய் கிட்ட வர்ற யாரையும் நம்பாது. இன்னிக்கு சாலாமேட்டுலயோ கிடங்கலிலயோ பாதி கட்டின வீட்டு மணல் குவியலுக்குப் பின்னாடி இருந்து பாஞ்சு வர்ற நாயும் பல நேரம் இதே தாய்தான். மழை முடிஞ்சு குளிர் வர்ற மாசங்கள்ல நேத்து வரைக்கும் சும்மா படுத்திருந்த ஒரு பெட்டை நாய் திடீர்னு துரத்துதுன்னா, குட்டி எங்க இருக்குன்னு பாருங்க. ஒரு மாசம், ஒன்றரை மாசம் வேற தெருவுல நடந்தா போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்.

இந்தப் பாட்டுல எனக்கு முக்கியமாப் படுற இன்னொரு விஷயம், அந்த நாய் வீட்டுக்குள்ள இருக்குங்கிறது. கீரைக்கே வழியில்லாத குடும்பத்துலயும் அதுக்குன்னு ஒரு மூலை இருக்கு. அந்தப் பசியில அதுக்கும் பங்கு இருக்கு. அது யாருமில்லாத நாய் இல்லை. நாயை "யாருமில்லாதது"ன்னு ஒரு வகையாப் பிரிச்சு அதை அரசாங்கம் கையாளுறது நம்ம ஊர்கள்ல பிற்பாடு வந்த பழக்கம்.

கழுத்துல என்ன இருக்கு?

கம்பெனி ஆட்சியில நகரங்கள் பெருசானப்போ தெருநாய் நிர்வாகப் பிரச்சினையா மாறுச்சு. அதுக்கு அவங்க கண்ட வழி, உடைமையாளர் யார்னு தெரியாத நாயைக் கொல்றது. பம்பாயில கொன்ன நாய் ஒவ்வொண்ணுக்கும் காசு கொடுத்தாங்க. காசு கிடைக்கும்னு ஆனதும் பிடிக்கிறவன் தெருநாயா வீட்டுநாயான்னு பார்ப்பானா? வீட்டு நாய்களையும் பிடிச்சாங்க. 1832 ஜூன் மாசம் பார்சிகள் திரண்டு எதிர்த்தாங்க. அவங்க மதத்துல நாய்க்குப் புனித இடம் உண்டு. கடைகளை அடைச்சாங்க, கொலாபாவுல இருந்த படைக்குப் போற பொருளைத் தடுத்தாங்க. பம்பாய் நாய்க் கலவரம்னு வரலாற்றுல இதுக்குப் பேரு.

மெட்ராஸ்ல மாநகராட்சி நாய் பிடிச்சுக் கொல்ற வேலை 1860-ல தொடங்குச்சுன்னு ப்ளூ கிராஸ் அமைப்பைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கார். அது நூறு வருஷத்துக்கு மேல நடந்தது. நாய் வண்டி வருதுன்னா பசங்க தங்கள் தெரு நாயை வீட்டுக்குள்ள இழுத்து ஒளிச்சு வைப்பாங்கன்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. செத்த நாய்களோட எண்ணிக்கை எந்த அளவுக்குப் போச்சுன்னா, நாய்த்தோல்ல கழுத்து டையும் பர்சும் செய்யலாமான்னு சென்னையில இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாதிரிகள் தயாரிச்சதுன்னும் அவர் எழுதியிருக்கார்.

இந்த முறையில ஒரு நாயோட உயிர் அதோட கழுத்துலதான் இருந்தது. பட்டை இருந்தா ஒருத்தருடைய சொத்து. பட்டை இல்லைன்னா பிடிக்கலாம். நாம இன்னிக்கு நம்ம நாய்க்குப் பட்டை கட்டி, "மத்ததெல்லாம் தெருநாய்"னு சாதாரணமாச் சொல்றோமே, அந்தப் பிரிவுக்குப் பின்னாடி இந்தக் கதை இருக்கு.

சரி, கொன்னது பலன் கொடுத்ததா? இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ரேபிஸ் வல்லுநர் குழு 1992-ல வெளியிட்ட அறிக்கையில, நாய்களை அகற்றியதால அவற்றின் எண்ணிக்கையோ ரேபிஸ் பரவலோ குறிப்பிடும்படி குறைஞ்சதுக்கு ஆதாரம் எங்கேயும் இல்லைன்னு எழுதியிருக்கு. காரணம் ரொம்பச் சாதாரணம். குப்பை அங்கேயே இருக்கு, கறிக்கடைக் கழிவு அங்கேயே இருக்கு. ஒரு நாய் போன இடத்துக்கு அடுத்த தெரு நாய் வரும். புதுசா வந்த நாய்க்கு இடமும் தெரியாது, நம்ம முகமும் தெரியாது. நடக்கிறவங்களுக்கு அது பழைய நாயைவிட ஆபத்து.

கடிபட்டவர் எங்க போனார்?

இங்க ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லணும். நாயைக் கண்டு பயந்தவங்க முட்டாள்கள் இல்லை. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா மரணம் ஏறக்குறைய உறுதி. அது அன்னிக்கும் உண்மை, இன்னிக்கும் உண்மை.

1885-ல லூயி பாஸ்டர் பாரிஸ்ல தடுப்பூசி போட்டுக் காட்டினார். இந்தியாவுல முதல் பாஸ்டர் நிலையம் 1900-ல கசௌலியில வந்தது. அது இமயமலை அடிவாரம். தென்னிந்தியாவுல கடிபட்டா அவ்வளவு தூரம் போகணும். 1902-ல லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் இங்க ரேபிஸ் வந்து இறந்தார். அதுக்கப்புறம்தான் தெற்குக்கும் ஒரு நிலையம் வேணும்னு பேச்சு வலுத்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் கொடுத்த நன்கொடையும் சேர்ந்து, 1907-ல குன்னூர்ல பாஸ்டர் நிலையம் திறந்தாங்க.

அப்போ திண்டிவனத்துல கடிபட்ட ஒருத்தரை நினைச்சுப் பாருங்க. ரயிலேறணும். சென்னை வழியாவோ காட்பாடி வழியாவோ சுத்திக்கிட்டு மேட்டுப்பாளையம் போகணும். அங்கிருந்து மலை ரயில். அதுவே குன்னூருக்கு 1899-லதான் வந்திருந்தது. போனதும் ஊசி முடியிற வரைக்கும் அங்கேயே தங்கணும். கூலி வேலை செய்றவருக்கு அத்தனை நாள் வேலையும் போச்சு. எத்தனை பேரால இது முடிஞ்சிருக்கும்?

பிறகு மருந்து ஊர் மருத்துவமனைகளுக்கு வந்தது. டேவிட் செம்பிள் கசௌலியில உருவாக்கின, ஆட்டு மூளையில இருந்து தயாரிச்ச மருந்து அது. நம்ம அப்பா அம்மா சொல்ற "தொப்புளைச் சுத்தி 14 ஊசி" இதுதான். வலி ஒரு பக்கம். சிலருக்கு நரம்பு பாதிச்சு பக்கவாதம் மாதிரி பின்விளைவும் வந்தது. இந்தியாவுல இதை நிறுத்தினது 2000-களின் நடுப்பகுதியிலதான். இன்னிக்கு அரசு மருத்துவமனையில தோலுக்குள்ள போடுற ஊசி 0, 3, 7, 28-ன்னு நாலு நாள். இலவசம். விழுப்புரம் மாவட்டத்துல முண்டியம்பாக்கத்துல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கு. நூறு வருஷத்துக்கு முன்னாடி மலையேறிப் போய் வாங்கினது இன்னிக்கு பஸ் தூரத்துல கிடைக்குது. ஆனாலும் மக்கள் சாகுறாங்க. பெரும்பாலும் "சின்னக் கீறல்தானே"ன்னு விட்டுடுறதாலயும், தாமதத்தாலயும்.

பிடி, அறுவை செய், அதே இடத்துல விடு

1952-ல மாநிலங்களவை உறுப்பினரான ருக்மிணி தேவி அருண்டேல் விலங்கு வதைக்கு எதிரா ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தார். நேரு, அரசே ஒரு சட்டம் கொண்டு வரும்னு உறுதி கொடுத்தார். அப்படி வந்ததுதான் 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அதன் கீழ் 1962-ல அமைஞ்ச விலங்கு நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவர்தான். வாரியம் பல ஆண்டுகள் சென்னையில இருந்துதான் இயங்கியது.

இதே காலத்துல, 1959-ல, கேப்டன் வி. சுந்தரம் சென்னையில ப்ளூ கிராஸைத் தொடங்கினார். கொல்றதுக்குப் பதில் கருத்தடை செய்யலாம்னு அந்த அமைப்பு 1960-களிலேயே கேட்டது. மாநகராட்சி ஒத்துக்கிட்டது 1996-ல. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. 2001-ல அது நாடு முழுக்க விதியா மாறுச்சு. 2023-ல புது விதிகள் வந்தது. சாரம் இதுதான்: நாயைப் பிடிக்கணும், கருத்தடை செய்யணும், ரேபிஸ் ஊசி போடணும், பிடிச்ச அதே இடத்துல விடணும். பொறுப்பு உள்ளாட்சியுடையது.

2025 ஆகஸ்ட் 11-ல டெல்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்துக்கு மாத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதும் நாடே ரெண்டாப் பிரிஞ்சு சண்டை போட்டது நினைவிருக்கும். ஆகஸ்ட் 22-ல மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாத்துச்சு. ரேபிஸ் உள்ளதும் மூர்க்கமானதும் தவிர, மத்த நாய்களை ஊசி போட்டு அதே இடத்துல விடணும், உணவு போட தனி இடம் ஒதுக்கணும்னு சொன்னாங்க. நவம்பர் 7-ல பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலைய வளாகங்கள்ல இருந்து பிடிக்கிற நாய்களைத் திரும்ப அங்கேயே விடக்கூடாதுன்னு இன்னொரு உத்தரவு வந்தது.

"அதே இடத்துல விடணும்"ங்கிற வார்த்தையைக் கவனிங்க. அதுக்கு என்ன அர்த்தம்? நாளைக்குக் காலையிலயும் அதே முனையில அதே நாய்தான் நிக்கும். அது உங்களுக்குத் தெரிஞ்ச நாயா, ஊசி போட்ட நாயாங்கிறதுதான் விஷயம். காது நுனியில வெட்டு இருந்தா கருத்தடை ஆன நாய்னு அடையாளம். உங்க தெருவுல எத்தனை காதுல அது இருக்குன்னு எண்ணிப் பாருங்க. விதி சென்னைக்கும் ஒண்ணுதான், திண்டிவனத்துக்கும் ஒண்ணுதான். ஆனா அறுவை செய்ய கால்நடை மருத்துவர், நாயை வச்சுப் பார்க்கக் கூண்டு, வண்டி, ஆள், பணம் எல்லாம் வேணும். அது இல்லாத ஊர்ல விதி காகிதத்துல இருக்கும், நாய் தெருவுல இருக்கும். 2024-ல மட்டும் தமிழ்நாட்டுல 4.8 லட்சம் நாய்க்கடி பதிவாச்சு. அந்த எண்ணுக்குப் பின்னாடி இருக்கிறது இந்த இடைவெளிதான்.

கேட்டைத் திறந்து விடுறவங்க

இன்னொரு உண்மை. பாஞ்சு வர்ற நாய் எல்லாம் தெருநாய் இல்லை. காலையில "போயிட்டு வா"ன்னு கேட்டைத் திறந்து விடுற வீடுகள் எல்லா நகர்லயும் உண்டு. நான் நடக்கிற வழியில அப்படி ஒரு வீடு இருக்கு. கழுத்துல அழகான பட்டை, பிடிக்க ஆள் இல்லை. அவங்ககிட்ட சொன்னா வர்ற பதில் உங்களுக்கும் தெரியும்: "அது ஒண்ணும் பண்ணாதுங்க."

2024 மே மாசம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில மாநகராட்சிப் பூங்காவுல ஐந்து வயசுக் குழந்தையைக் குதறின ரெண்டு ராட்வைலரும் வளர்ப்பு நாய்கள்தான். இதுக்கான சட்டம் 1860-லயே இருக்கு. இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 289, தன் விலங்கால மனுஷனுக்கு ஆபத்து வராம பார்த்துக்கத் தவறினா குற்றம்னு சொல்லுச்சு. அதுதான் இப்போ பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 291. ஆறு மாசம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை ரெண்டும். வேடிக்கை என்னன்னா, மெட்ராஸ்ல பட்டை இல்லாத நாயைக் கொல்ல ஆரம்பிச்சதும் அதே 1860-தான். ஒரு வேலையை நூறு வருஷத்துக்கு மேல மும்முரமா செஞ்சாங்க. உடைமையாளரைக் கேள்வி கேட்கிற பிரிவை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கோம்?

சரி, முனையில நிக்கிறோம்

இப்போ ஆரம்பிச்ச இடத்துக்கு வரலாம். நான் செய்யறதைச் சொல்றேன்.

தூரத்துலயே பார்த்துட்டா திரும்பி வேற வழியில போயிடுவேன். அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை. கிட்ட வந்துட்டா, ஓட மாட்டேன். ஓடினா துரத்தும். கயிறைக் குறுக்கிப் பிடிப்பேன், ஆனா இறுக்கி மேல தூக்க மாட்டேன். கழுத்து இறுகினா என் நாய் பதட்டமாகும், எதிர்ல நிக்கிறது அதைச் சண்டைன்னு எடுத்துக்கும். என் நாய்க்கும் வர்ற நாய்க்கும் நடுவுல நான் நிப்பேன். கண்ணுக்குக் கண் முறைக்காம, நேரா எதிர்ல போகாம, வளைஞ்சு விலகுவேன். நாய்கள் தங்களுக்குள்ள மரியாதையா சந்திக்கிறதே வளைஞ்சு வந்துதான். கையில ஒரு குடை இருந்தா நல்லது. சட்டுன்னு விரிச்சா நடுவுல ஒரு சுவர். பையில கொஞ்சம் பிஸ்கட்டும் இருக்கும். வர்ற நாய்க்குப் பின்னாடி சிதற விட்டா சில வினாடி கிடைக்கும்.

குனிஞ்சு கல் எடுக்கிற மாதிரி பாவனை செஞ்சா நம்ம ஊர் நாய் பின்வாங்கும். எத்தனையோ தலைமுறையா கல்லடி பட்ட அனுபவம். ஆனா நிஜமாவே எறிஞ்சா, அந்த நாய் உங்களை ஞாபகம் வச்சுக்கும். நாளைக்கும் அதே வழியில நடக்கப் போறது நீங்கதானே.

சண்டை மூண்டுட்டா கையை நடுவுல விடாதீங்க. நாயோட நடக்கிறவங்களுக்குக் கடி விழுறது பல நேரம் பிரிச்சு விடப் போய்த்தான், சில சமயம் சொந்த நாய்கிட்டயே. தண்ணி ஊத்துங்க, பெரிய சத்தம் போடுங்க. பல் பட்டா, தோல் லேசா கிழிஞ்சிருந்தாலும், ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். அன்னிக்கே மருத்துவமனை. ரத்தம் வந்திருந்தா தடுப்பூசியோட காயத்துல போடுற இம்யூனோகுளோபுலினும் வேணும், கேட்டு வாங்குங்க. உங்க நாய் கடிபட்டிருந்தா, வருஷ ஊசி போட்டிருந்தாலும் கால்நடை மருத்துவர்கிட்ட அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. வீட்டுல எல்லாரும் கொஞ்சுற நாய் அது.

இதெல்லாம் ஒரு காலை நேரத்துக்கான வழி. அடுத்த வருஷத்துக்கான வழி வேற. நம்ம தெருவுல இருக்கிற அஞ்சாறு நாய்களை அடையாளம் தெரிஞ்சு வச்சுக்கிறது, எதுக்குக் காது வெட்டு இல்லைன்னு எழுதி நகராட்சியில மனு கொடுக்கிறது, கறிக்கடைக் கழிவு எங்க கொட்டுறாங்கன்னு கேட்கிறது, ஊசி முகாம் நடந்தா நாயைப் பிடிச்சுக் கொடுக்கக் கூட நிக்கிறது. ஒரு பகுதியில பத்துக்கு ஏழு நாய்க்குத் தடுப்பூசி போட்டுட்டா ரேபிஸ் சங்கிலி அறுந்துடும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பத்துக்கு ஏழு. ஒரு தெருக்காரங்க சேர்ந்தா தொடக்கூடிய எண்ணிக்கைதான் அது.

அந்த மூணு நாய்க்கு யார் பொறுப்புன்னு கேட்டோம். சட்டப்படி நகராட்சி. கேட்டைத் திறந்து விட்டிருந்தா அந்த வீட்டுக்காரர். ஆனா அந்த மனுவை எழுதப் போறது யாருன்னு பார்த்தா, தினமும் காலையில கயிறும் கையுமா அந்த வழியில போற நாமதான்.

உங்க தெருவுல எத்தனை நாய்க்குக் காது வெட்டு இருக்குன்னு எண்ணி எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.